நிழல் இருந்தால் நடை இருக்கும்!

கோடை வெயில் 43 டிகிரி செல்சியஸைத் தொடும் ஒரு நகரத்தில், காரை நம்பியே கட்டமைக்கப்பட்ட வாழ்க்கைக்கு நடுவே, நடந்தே அன்றாடத் தேவைகளை முடித்துக்கொள்ளும் குடியிருப்புகளை உருவாக்குவது நடைமுறைக்கு ஒத்துவருமா? நகரமைப்பு வல்லுநர்களும் பொருளியலாளர்களும் சில ஆண்டுகளாக விவாதித்துவரும் கேள்வி இது. குளிர்ந்த ஐரோப்பிய நகரங்களுக்குப் பொருந்தும் ஆடம்பரக் கனவு என்று ஒரு தரப்பு இதை ஒதுக்குகிறது. பூமி வெப்பமடைவதற்கு இதுவே தீர்வு என்று மறுதரப்பு கொண்டாடுகிறது. இரண்டும் அவசரத் தீர்ப்புகள். இந்தக் கேள்விக்கு விடை காண, உலகிலேயே மிகக் கடுமையான ஆய்வுக்களமாக இன்று விளங்கும் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பெருநகரைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும்.

அரிசோனா மாநிலத்தின் பாலைவனப் பள்ளத்தாக்கில் அமைந்த ஃபீனிக்ஸ், 1950-இல் ஏறத்தாழ 1,07,000 பேர் மட்டுமே வாழ்ந்த சிறுநகரம். குளிர்சாதனக் கருவியும் காரும் அதை இன்று சுமார் 50 லட்சம் பேர் வாழும் பெருநகரப் பகுதியாக்கிவிட்டன. ஃபீனிக்ஸ் மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் சுமார் 16 லட்சம் பேர், 1,300 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பில் சிதறி வாழ்கின்றனர். ஒப்பீட்டுக்குச் சொல்வதானால், 426 சதுர கிலோமீட்டர் கொண்ட சென்னை மாநகராட்சியில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே 66 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வசித்தனர்.

இந்தப் பரவலின் விலையை 2023-ஆம் ஆண்டு கோடை வெளிச்சமிட்டுக் காட்டியது. அந்த ஆண்டு ஜூன் இறுதியில் தொடங்கி 31 நாள்கள் தொடர்ச்சியாக ஃபீனிக்ஸில் பகல் வெப்பம் 43.3 டிகிரி செல்சியஸுக்குக் குறையவில்லை. தொடர்ந்து 16 நாள்கள் இரவிலும் வெப்பநிலை 32 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. நகரம் அடங்கிய மாரிகோபா மாவட்டத்தில் அந்த ஆண்டில் வெப்பத்துடன் தொடர்புடைய இறப்புகள் 645. அடுத்த ஆண்டில் இந்த எண்ணிக்கை 608-ஆகச் சற்றே குறைந்தது. 'இத்தகைய ஊரில் மக்களை நடக்கச் சொல்வது கொடுமையல்லவா' என்ற வினா எழுவது இயல்பே.

ஆனால், இறந்தவர்கள் யார் என்று பார்த்தால் அந்த வினாவின் கோணமே மாறிவிடுகிறது. 2023-இல் இறந்தோரில் கிட்டத்தட்ட பாதிப் பேர் வீடற்றவர்கள். வீட்டுக்குள் இறந்தோரில் பெரும்பாலானவர்களின் வீடுகளில் குளிர்சாதனக் கருவி இல்லை. அல்லது, இருந்தும் இயங்கவில்லை. நடைக்கு உகந்த குடியிருப்பில் வாழ்ந்ததால் எவரும் மாண்டுவிடவில்லை. வெப்பத்திலிருந்து விலகியிருக்கப் பணம் இல்லாதவர்களே மாண்டனர். கார் இல்லாத ஏழைகள் அந்த நகரில் ஏற்கெனவே நடந்துகொண்டும், நிழலற்ற பேருந்து நிறுத்தங்களில் காத்துக்கொண்டும்தான் இருக்கின்றனர். 'வெயில் நகரில் மக்கள் நடப்பார்களா?' என்று கேட்பதைவிட, 'நடந்தே தீர வேண்டியவர்களுக்கு நாம் எத்தகைய பாதையைத் தந்திருக்கிறோம்?' என்று கேட்பதே பொருத்தமாக இருக்கும்.

காரும் வெப்பமும் ஒன்றையொன்று வளர்க்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். காரை நிறுத்த இடம் வேண்டும். இடம் விட்டால் கட்டடங்கள் ஒன்றுக்கொன்று விலகும். விலகினால் தொலைவு கூடும். தொலைவு கூடினால் நடக்க இயலாது, கார் கட்டாயமாகும். கார்கள் பெருகினால் சாலையும் நிறுத்துமிடமும் இன்னும் விரியும். அந்தத் தார்ப்பரப்பு பகலெல்லாம் வெயிலை உறிஞ்சி, இரவெல்லாம் வெளியே உமிழும். ஃபீனிக்ஸ் பெருநகரில் ஏறத்தாழ 1 கோடியே 22 லட்சம் வாகன நிறுத்த இடங்கள் இருப்பதாகவும், அவை நகர்ப்புற நிலத்தில் சுமார் 10 சதவீதத்தை விழுங்கிவிட்டதாகவும் 2019-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதாவது, பிறந்த குழந்தையையும் சேர்த்து ஆளுக்கு மூன்று நிறுத்துமிடங்கள்! வெயிலுக்கு அஞ்சிக் காரில் ஏறும் நகரம், காருக்காகவே தன் வெயிலைப் பெருக்கிக்கொள்கிறது. குளிர்சாதனக் கருவிகள் வெளியேற்றும் வெப்பம் மட்டுமே இரவு நேரத்தில் நகரின் சில பகுதிகளில் காற்றின் வெப்பநிலையை 1 டிகிரிக்கும் மேல் உயர்த்துவதாக அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் கண்டறிந்தனர்.

இவ்வளவு நிறுத்துமிடங்கள் மக்களின் விருப்பத்தால் மட்டும் உருவானவையல்ல. 'இத்தனை வீட்டுக்கு இத்தனை நிறுத்துமிடம், இத்தனை சதுர அடிக் கடைக்கு இத்தனை நிறுத்துமிடம்' என்று அமெரிக்க நகரங்களின் சட்டமே பல பத்தாண்டுகளாகக் கட்டாயப்படுத்தி வந்திருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகப் பொருளியலாளர் டொனால்டு ஷூப், 2005-இல் வெளியிட்ட நூலில் இதன் உள்நிலையை அம்பலப்படுத்தினார். இலவசமாகத் தோன்றும் நிறுத்துமிடத்தின் செலவு வீட்டு வாடகையிலும், கடைப் பொருளின் விலையிலும் மறைந்திருக்கிறது. கார் வைத்திராதவரும் அந்தச் செலவைச் சுமக்கிறார் என்பது அவர் வாதத்தின் சாரம். பொருளியல் மொழியில் இது ஏழை நடையரிடமிருந்து கார் உரிமையாளருக்குச் செல்லும் மறைமுக மானியம். ஆகவே, 'சந்தை காரைத் தேர்ந்தெடுத்தது' என்ற வாதம் முழு உண்மையாகாது. தராசின் ஒரு தட்டில் சட்டம் எடைக்கல்லை வைத்த பிறகு நடந்த தேர்வு அது.

அந்த எடைக்கல்லை எடுத்தால் என்ன நிகழும் என்பதற்கான சோதனைதான் ஃபீனிக்ஸை ஒட்டிய டெம்பி நகரில் எழுந்துள்ள 'கல்டிசாக்' குடியிருப்பு. 17 ஏக்கரில் சுமார் ஆயிரம் பேர் வாழ்வதற்காகத் திட்டமிடப்பட்ட இதில் குடியிருப்போருக்கு வாகன நிறுத்துமிடம் கிடையாது. அதற்கேற்ப டெம்பி நகர நிர்வாகம் தனது விதியைத் தளர்த்தியது. 2023-இல் முதல் குடியிருப்பாளர்கள் வந்தனர். வாசலிலேயே இலகு ரயில் நிலையம். குடியிருப்போருக்கு ரயில் பயணச் சீட்டு இலவசம். வளாகத்துக்குள்ளேயே மளிகைக் கடை, உணவகம், சிறு வணிகங்கள். நிறுத்துமிடத்துக்குப் போயிருக்க வேண்டிய நிலம் முற்றங்களாகவும், குறுகிய சந்துகளாகவும் மாறியிருக்கிறது. வெள்ளை வண்ணம் பூசிய மூன்று மாடிக் கட்டடங்கள் நெருங்கி நின்று, ஒன்றன் நிழலை மற்றொன்றின் வாசலில் விழச் செய்கின்றன.

இது புதுமைபோலத் தோன்றினாலும் மிகப் பழைய அறிவு. ஈரானின் யாஸ்து, மொராக்கோவின் ஃபெஸ் போன்ற நகரங்கள் குளிர்சாதனமோ காரோ இல்லாத காலத்தில் இதே இலக்கணத்தில்தான் எழுந்தன. வெப்பநிலை உச்சம் தொடும் பாலைவன ஓரங்களில், மக்கள் நடந்தேதான் வணிகம் செய்தனர், வழிபட்டனர், கல்வி கற்றனர். ஃபெஸ் நகரின் பழைய குறுகிய தெருவையும் புதிய அகன்ற தெருவையும் ஒப்பிட்டு 2006-இல் வெளியான ஆய்வொன்று, கோடைப் பகலின் உச்ச வெப்பம் குறுகிய தெருவில் சராசரியாக 6 டிகிரி குறைவாகவும், மிகக் கொடிய நாள்களில் 10 டிகிரி வரை குறைவாகவும் இருந்ததைப் பதிவு செய்தது. கட்டடத்தின் உயரமும் தெருவின் அகலமுமே அந்த வேறுபாட்டை உண்டாக்கின. இதற்கு மின்சாரம் தேவையில்லை; தண்ணீரும் தேவையில்லை. கொலராடோ ஆற்று நீர் குறைந்துவரும் அரிசோனாவில் இந்த இரண்டாவது காரணம் அற்பமானதன்று. மரம் நட்டால் நீர் ஊற்ற வேண்டும். சுவரின் நிழலுக்கு அது வேண்டாம்.

நிழல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் விளக்க வேண்டும். வானிலை அறிக்கை கூறும் வெப்பநிலை, நிழலில் வைத்து அளந்த காற்றின் வெப்பநிலை. வெளியில் நடப்பவரின் உடலோ காற்றை மட்டும் உணர்வதில்லை. சூரியனிலிருந்து நேராக வருவதையும், தரையும் சுவரும் திருப்பி அனுப்புவதையும் சேர்த்துச் சுமக்கிறது. ஃபீனிக்ஸ் நகரம் 2020-இல் சாலைகள் மீது வெயிலைத் திருப்பியனுப்பும் வெளிர்நிறப் பூச்சைப் பூசத் தொடங்கியது. மறு ஆண்டு வெளியான ஆய்வு முடிவு சுவையானது. நண்பகலிலும் பிற்பகலிலும் சாலையின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 6 டிகிரி குறைந்தது. ஆனால், அந்தச் சாலையில் அதே நேரத்தில் நிற்கும் மனிதர்மீது விழும் வெப்பச் சுமையோ சுமார் 3 டிகிரி கூடியது. சாலை திருப்பியனுப்பிய வெயில் மனிதரின் மீது விழுந்ததே காரணம். தரையைக் குளிர்விப்பது வேறு. நடப்பவரைக் காப்பது வேறு. நிழல் ஒன்றே இரண்டையும் ஒருசேரச் செய்கிறது.

அதை உணர்ந்துதான் ஃபீனிக்ஸ் 2024 நவம்பரில் ஒரு நிழல் திட்டத்தை ஏற்றது. ஐந்து ஆண்டுகளில் 27,000 மரங்கள், 550 நிழற்கூரைகள் என்பது இலக்கு. இதற்கு முன்பு 2010-இல் ஏற்ற திட்டமோ, 2030-க்குள் நகரின் 25 சதவீதப் பரப்பை மரநிழலின் கீழ் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. நிதியும் பொறுப்பும் ஒதுக்கப்படாமல் தேங்கியது. நிதியும் பொறுப்பும் இல்லாத நிழல், காகிதத்தில் மட்டுமே விழும் என்பது அதன் பாடம்.

இனி மறுதரப்பின் வாதங்களுக்கு வருவோம். அவற்றில் வலுவானவையும் உண்டு. முதலாவது, கல்டிசாக் போன்ற இடத்துக்குக் குடிவருவோர் ஏற்கெனவே காரில்லா வாழ்வை விரும்புவோர். அவர்கள் நடப்பதைக் கொண்டு, நகரத்தார் அனைவரும் நடப்பர் என்று முடிவு கட்ட முடியாது. புள்ளியியலில் இதைத் தேர்வுச் சார்பு என்போம். இந்த வாதம் சரியே. ஆனால், அது நிறுவுவது என்ன? அனைவரும் காரைக் கைவிட மாட்டார்கள் என்பதை மட்டுமே. கைவிட விரும்பும் சிறுபான்மையினருக்குக்கூட இதுவரை சட்டம் இடம் தரவில்லை என்பதே உண்மை. புதிய கார் ஒன்றை வைத்துப் பராமரிக்க ஆண்டுக்குச் சராசரியாக 12,000 டாலருக்கும் மேல் செலவாவதாக அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2024-இல் மதிப்பிட்டது. மாதத்துக்கு ஆயிரம் டாலர்! அந்தச் செலவிலிருந்து விடுபட வாய்ப்புக் கிடைத்தால் எத்தனை குடும்பங்கள் தேர்ந்தெடுக்கும் என்பதை, அந்த வாய்ப்பை வழங்கிய பின்னரே அறிய முடியும்.

இரண்டாவது வாதம் இன்னும் கடினமானது. குடியிருப்பின் எல்லைக்குள் நிழல் இருக்கலாம். எல்லையைத் தாண்டியவுடன் பல தடங்கள் கொண்ட அகன்ற சாலையும், கொதிக்கும் தார்ப்பரப்பும்தானே காத்திருக்கின்றன? அபுதாபியில் 2008-இல் பணி தொடங்கிய மஸ்தார் நகரம் இதற்கு எச்சரிக்கை. நிழல் சூழ்ந்த குறுந்தெருக்களும், காற்றுக் கோபுரமுமாக அழகாகவே உருவானது. 50,000 பேர் வாழும் நகரமாக 2016-இல் முழுமை பெறும் என்று கூறப்பட்ட அது, பின்னர் 2030-க்குத் தள்ளிப்போடப்பட்டது. திட்டமிட்ட ரயில் இணைப்பு வராத நிலையில், வெளியிலிருந்து வருவோரில் பலர் காரில் வந்து, எல்லையில் நிறுத்திவிட்டே உள்ளே நடக்கின்றனர். தனித்தீவாக அமைந்த நடைக் குடியிருப்பு, மாலை உலாவுக்கான வளாகமாகச் சுருங்கிவிடும் அபாயம் உண்மையானது. கல்டிசாக் குடியிருப்பாளர்களும் ரயிலோடு மின்மிதிவண்டியையும், வாடகைக் காரையும், ஓட்டுநரில்லா வாடகைக் காரையும் பயன்படுத்தத்தான் செய்கின்றனர். ஆக, அங்கே ஒழிந்தது சொந்தக் கார்தான். கார்ப் பயணம் அன்று.

இதிலிருந்து பெறப்படும் முடிவு, நடைக் குடியிருப்பு தோற்கும் என்பதல்ல. அது ரயிலோ பேருந்தோ இன்றித் தனியே வெல்லாது என்பதே. அந்தப் போக்குவரத்தும் அடிக்கடி வர வேண்டும். வெயிலில் ஐந்து நிமிடம் நடப்பதைவிட இருபது நிமிடம் நின்று காத்திருப்பது கொடிது. வெப்பம் மனிதரை வருத்துவது தொலைவைப் பொறுத்து அன்று, வெயிலில் கழியும் நேரத்தைப் பொறுத்தே. நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் வீடு, வழி நெடுக நிழல், பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்ற மூன்றும் கூடினால் கோடையிலும் நடை தாக்குப்பிடிக்கும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கார் மீண்டும் வெல்லும்.

மூன்றாவது வாதம், 'கோடையில் நண்பகலில் யார்தான் நடப்பார்?' என்பது. யாரும் நடக்க வேண்டியதில்லை என்பதே விடை. ஃபீனிக்ஸில் ஆண்டின் பெரும்பகுதி நடைக்கு இதமான காலம். கடுங்கோடையிலும் அதிகாலையும் இரவும் உண்டு. பனி உறையும் மின்னியாபொலிஸ் நகரில் குளிர்காலத்தில் நடை குறையும் என்பதற்காக அங்கே நடைபாதை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. மேலும், காரில் செல்பவரும் நடக்கத்தான் செய்கிறார். பெரிய அங்காடியின் நிழலற்ற நிறுத்துமிடத்தில் காரை விட்டு, வாசல்வரை வெயிலில் நடந்துபோய், பொருள்களுடன் திரும்பிவந்து, அடுப்பாய்க் கொதிக்கும் காருக்குள் ஏறுகிறார். அந்த நடையை நாம் நடையாக எண்ணுவதில்லை, அவ்வளவே.

ஈரப்பதம் மிகுந்த வெப்ப நகரங்களுக்கும் முன்மாதிரி உண்டு. சிங்கப்பூர், ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் தொலைவுக்குள் பள்ளிகளையும் குடியிருப்புகளையும் இணைக்கும் கூரையிட்ட நடைபாதைகளை, 2018-க்குள் சுமார் 200 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிவாக்கியது. அதன் வேர் 1822-ஆம் ஆண்டு நகரத் திட்டத்தில் இருக்கிறது. கடைகளின் முன்புறம் ஐந்தடி அகலத்துக்குக் கூரையிட்ட பொதுவழி விடவேண்டும் என்று அன்றே விதிக்கப்பட்டது. சிராங்கூன் சாலையில் தமிழர் கடைகளின் முன்னே நாம் இன்றும் காணும் தாழ்வாரம் அதன் எச்சம். அதே வேளையில், 1990 முதல் கார் வாங்கும் உரிமையை ஏலத்தில் விற்றுக் காரின் உண்மை விலையை அதை வாங்குபவரே சுமக்கும்படியும் சிங்கப்பூர் செய்தது. நிழலும் விலையும் கைகோத்தன. ஒன்றை மட்டும் கையாளும் நகரம் பாதிப் பயனே பெறும்.

நமக்கு இதில் என்ன? ஃபீனிக்ஸ் இன்று பெரும்பொருள் செலவிட்டு எதைப் பெற முயல்கிறதோ, அதை நாம் கையில் வைத்துக்கொண்டே இழந்து வருகிறோம். நம் நகரங்கள் நெருக்கமானவை. கடையும் பள்ளியும் நடைத்தொலைவில் இருப்பவை. நம் மக்களில் பெரும்பகுதியினர் நடந்தும் பேருந்திலுமே வாழ்பவர்கள். ஆனால், சாலையை அகலப்படுத்த முதலில் வெட்டப்படுவது மரம். அடுத்துக் குறுக்கப்படுவது நடைபாதை. தெருவோரம் நடப்பவருக்கு நிழல் தந்த திண்ணை போன இடத்தில் இன்று வாகன நிறுத்தச் சரிவுப்பாதை இருக்கிறது. கட்டாய நிறுத்துமிட விதியை நாமும் அமெரிக்காவிடமிருந்து பெற்று, நம் கட்டட விதிகளில் எழுதி வைத்திருக்கிறோம். சென்னை மாநகராட்சி 2014-இல் ஏற்ற கொள்கை, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடைக்கும் மிதிவண்டிக்கும் ஒதுக்கச் சொன்னது. தமிழக அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நடைபாதை உரிமை, வாழும் உரிமையின் அங்கம் என்று 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் உறுதிப்படுத்தியது. கொள்கைக்கும் ஆணைக்கும் குறைவில்லை. இவை மூன்றையும் ஒரே கோப்பில் வைத்துப் பார்க்கும் அதிகாரிதான் தேவை.

செய்ய வேண்டியவை எளியவை. ரயில், பேருந்து நிலையங்களைச் சுற்றியுள்ள அரை கிலோமீட்டருக்குள் கட்டாய நிறுத்துமிட விதியை நீக்கலாம். அதே வட்டத்துக்குள் ஒவ்வொரு நடைபாதையிலும் நண்பகலில் எத்தனை மீட்டர் நிழல் விழுகிறது என்று அளந்து, ஆண்டுதோறும் வெளியிடலாம். குடிநீர்க் குழாயையும் தெருவிளக்கையும் போல நிழலையும் உள்கட்டமைப்பாகக் கருதி, நிதிநிலை அறிக்கையில் தனித்தலைப்பில் ஒதுக்கலாம். ஒரு சாலை மரத்தை வெட்டும் முன், அது தந்த நிழலுக்கு மாற்றாக எந்தக் கூரை, எந்த நாளில் எழும் என்று எழுத்தில் கேட்கலாம்.

வெப்ப நகரில் நடைக் குடியிருப்பு வெல்லுமா என்ற கேள்விக்கு ஃபீனிக்ஸ் தரும் விடை நிபந்தனையுடன் கூடிய 'ஆம்'. வெயில் அங்கே ஒரு தடைதான். ஆனால், பெருந்தடை தொலைவும் நிழலின்மையும். அவ்விரண்டும் இயற்கை தந்தவையல்ல. சட்டத்தாலும் வரிப்பணத்தாலும் நாமே கட்டியெழுப்பியவை. வெயிலைக் குறைக்க எந்த நகராட்சியாலும் முடியாது. வெயிலுக்கும் மனிதருக்கும் இடையே ஒரு கூரையையோ, ஒரு மரத்தையோ, ஒரு சுவரின் நிழலையோ வைக்க எந்த நகராட்சியாலும் முடியும். காரில்லாத முதியவரும், பள்ளி விட்டு வரும் சிறுமியும், கூடை சுமந்து வரும் பெண்ணும் நண்பகலில் பத்திரமாக வீடு சேர அவ்வளவு போதும்.